வலது இமை

ஜூன் மாதக் கடைசிச் சனிக்கிழமை, காலை எட்டேகால் மணிக்கு, குகட்பள்ளி ஹவுசிங் போர்டு வீட்டின் முன்னறையில் மூன்று பேர் இருந்தார்கள். சுபாஸ்ரீ ஜன்னலுக்கு முதுகைக் காட்டி மெத்தையில் சம்மணமிட்டிருந்தாள். அவளுக்கு எதிரே, முட்டியோடு முட்டி இடிக்கும்படி, தரையில் வேதவல்லி. கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, டீ டம்ளரோடு ஸ்ரீஜா. அவள் இந்த வீட்டுக்குக் குடிவந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. அவளுக்குக் கற்றுக்கொடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

மூவருக்கும் ஒரே வேலை. அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்பும் நோயாளிக் குறிப்புகளை ஹெட்போனில் கேட்டு டைப் அடிப்பது. இரவு ஒன்பதுக்குப் போனால் விடிந்து ஏழு மணிக்குக் கம்பெனி சுமோ கொண்டுவந்து இறக்கிவிடும். பிப்ரவரியில் ஒரு நாள் சுபாவின் முகத்தின் வலது பாதி இழுத்துக்கொண்டது. வாய் ஒரு பக்கம் கோணியது, வலது கண் மூட மறுத்தது. மருந்தில் வாய் ஓரளவு சரியானது. இமைதான் முக்கால்வாசி இறங்கி நின்றுவிடும். தூங்கினாலும் அடியில் வெள்ளை விழி பிறைபோலத் தெரியும். அப்படியே விட்டால் கண் காய்ந்து கருவிழி புண்ணாகிவிடும் என்றார் டாக்டர். அவர் அதற்குச் சொன்ன பெயரை வேதவல்லி ஏற்கெனவே மூன்று முறை டைப் அடித்திருந்தாள். எழுத்துக்கூட்டிக்கூடச் சொன்னாள். டாக்டர் நிமிர்ந்து பார்த்து, “அப்ப நீங்களே பார்த்துக்குங்க” என்றார். அன்றிலிருந்து அந்தக் கண் வேதவல்லியுடையது.

“முதல்ல கையை சோப்புப் போட்டுக் கழுவணும்” என்றாள் இப்போது. “கீழ் இமையை இழுத்துட்டு உள்ள ஒரு அரிசி அளவு மருந்து. சுபா, கீழ பாரு. பாத்தியா ஸ்ரீஜா, கீழ பாக்கும்போதுதான் மேல் இமை தானா இறங்கும். புறங்கையால மீதியை இறக்கி, பத்து எண்ணுற வரைக்கும் பிடிச்சுக்கணும். முழுசா மூடிடுச்சான்னு பாக்காம டேப் ஒட்டவே கூடாது. பாதி தொறந்த கண்ணுல டேப் உரசுச்சுன்னா கருவிழி போச்சு.”

“ஹவ் அக்கா, புரிஞ்சிருச்சு. கைக்கு இவ்ளோ டென்ஷன்?” என்றாள் ஸ்ரீஜா. முப்பாட்டன் காலத்திலேயே செகந்திராபாத் கன்டோன்மென்ட்டுக்கு வந்துவிட்ட குடும்பம் அவளுடையது. அவள் பேசும் தமிழில் பாதி சார்மினார் பக்கத்துத் தமிழ்; ஹவ் என்றால் ஆமாம், கைக்கு என்றால் எதற்கு, நக்கோ என்றால் வேண்டாம்.

“டென்ஷன் ஆகாம எப்படி? இது என்ன பொட்டலமா?”

“பொட்டலம்னா இன்னும் நல்லாக் கட்டுவேன் அக்கா, எங்க மாமாவுக்குக் கிரானாக் கடை” என்றாள் அவள். சுபா பாதி வாயால் சிரித்தாள். சிரித்ததில் டேப்பின் ஓரம் பிரிந்துகொண்டது. முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று.

திங்கள்கிழமை முதல் வேதவல்லிக்குப் பகல் ஷிஃப்ட். மற்றவர்கள் அடித்ததைத் திருத்தும் பதவி. நாலு வருஷமாகக் காத்திருந்து வந்தது. அவர்கள் வந்து இறங்கும் அதே சுமோவில் அவள் ஏற வேண்டும். முதல் வாரம் முழுக்க வண்டி கிளம்பும்போது மாடியைப் பார்ப்பாள். ஜன்னலில் திரையாகக் கட்டிய தன் பழைய புடவை. அதற்குப் பின்னால் இந்நேரம் யாருடைய விரல் அந்த இமைமேல் இருக்கும், பத்து எண்ணுகிறாளா ஆறோடு விட்டுவிடுகிறாளா என்று வண்டி எர்ரகட்டா தாண்டும்வரை அதே நினைப்பு. ஆபீஸில் யாரோ அடித்த குறிப்பில் கண் என்று வந்தால் போதும், திருத்துவதை விட்டுவிட்டு அந்த வரியிலேயே நின்றுவிடுவாள். கவலைதான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். கவலையாயிருந்தால், எல்லாம் நன்றாக நடக்கிறது என்று தெரிந்ததும் அடங்கியிருக்க வேண்டும். அப்போதுதான் இன்னும் எரிந்தது.

அவள் இழந்தது கண்ணை மட்டுமல்ல, அந்தப் பத்து எண்ணும் நேரத்தையும். இமைமேல் விரல் இருக்கும்போது சுபா பேசுவாள். எதிரில் இருப்பவர் முகம் தெரியாததாலோ என்னவோ, வேறு எப்போதும் பேசாததைப் பேசுவாள். “இந்த வேலைல ஒரு நிம்மதி வேதா. காது இருந்தாப் போதும், மூஞ்சிய ஒருத்தரும் பாக்கறதில்ல. கரூருக்குப் போனா வாசலைத் தாண்டறதுக்குள்ள நாலு பேரு நின்னு பாப்பாங்க” என்று சொன்னது அப்படித்தான். ஒருநாள் வேதவல்லி பத்தைத் தாண்டி முப்பதுவரை எண்ணியிருக்கிறாள்.

ஜூலையில் டாக்டரிடம் போக ஸ்ரீஜாதான் துணைக்குப் போனாள். வேதவல்லிக்கு லீவு கிடைக்கவில்லை. திரும்பி வந்தபோது கையில் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுருள் ஒன்று. டேப்பை உரித்து உரித்து சுபாவின் கன்னத்துத் தோல் சிவந்து கிடந்ததைக் காட்டி, வேறு வழி கேட்டிருக்கிறாள் ஸ்ரீஜா. புருவத்துக்கு மேலும் கன்னத்திலும் மருந்தைத் தடவி, உள்ளங்கை அகலத் தாளை வெட்டி அதன்மேல் ஒட்டிவிட்டால் உள்ளே ஈரம் நிற்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

“டேப் நக்கோ அக்கா இனிமே. பாருங்க, ஸ்கின் எப்படி ஆயிருச்சுன்னு.”

நாலு மாதமாக அந்தத் தோலை உரித்தது யார் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

“பூரிக்கு மூடற தாளை மூஞ்சில ஒட்டிக்கிட்டு...” என்றாள் வேதவல்லி.

“அட, சுகமா இருக்குதுடி. மழைல கண்ணாடி ஜன்னலுக்குள்ள உக்காந்தாப்பல” என்றாள் சுபா. அன்று இரவுச் சாப்பாட்டில் ஸ்ரீஜா வாய் தவறி, “அந்த ஈரோட்டு மாப்பிள்ளை ஒரு ஆளா அக்கா? போட்டோ பாத்துட்டு ஓடினவன்” என்றாள். வேதவல்லிக்கு எந்த மாப்பிள்ளையும் தெரியாது. தெரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டாள்.

பதினான்காம் தேதி ஞாயிறு, ஸ்ரீஜா செகந்திராபாத்தில் அவள் வீட்டுக்குப் போயிருந்தாள். படுக்கப்போகும் நேரத்தில் வேதவல்லி கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். தாள் சுருள் அலமாரியில் கண்ணுக்கு எதிரேதான் இருந்தது. எடுக்கவில்லை. “இன்னிக்கு நம்ம பழைய முறை” என்றாள். “வேண்டாங்கறாங்கல்ல டாக்டரு” என்றாள் சுபா. பிறகு இவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கீழே பார்த்தாள். மருந்தின் எண்ணெய்ப் பிசுக்கில் டேப் சரியாகப் பிடிக்கவில்லை. மூன்றாம் தடவை அழுத்தி ஒட்டினாள். பத்து எண்ணினாள். சுபா எதுவும் பேசவில்லை. ஏதாவது பேசுவாள் என்று வேதவல்லி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாளே தவிர, இமையைப் பார்க்க மறந்துபோனாள்.

விடிந்தபோது டேப்புக்கு அடியில் இமை பாதி திறந்து, கண் மிளகாய்ப் பழம்போல் சிவந்திருந்தது. கருவிழியில் கீறல் என்றார் டாக்டர். நல்லவேளை மேலாகத்தான், நாலு நாளில் ஆறிவிடும். “போச்சாது விடுடி, கை தவறறதுதான்” என்றாள் சுபா. ஸ்ரீஜா தாளை எடுத்து, கத்தரியால் வெட்டி, மூலைகளைக் குத்தாதபடி வளைவாக நறுக்கினாள். வேதவல்லியால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை கரூரிலிருந்து இன்லாண்ட் கடிதம் வந்தது. சுபாவின் அம்மா வழக்கமாக வேதவல்லிக்குத்தான் எழுதுவாள். “போனில் கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வாள். நீ எழுதுவதைத்தான் நான் நம்புகிறேன் கண்ணு. நீ பகல் வேலைக்குப் போய்விட்டாய் என்றால் அவள் கண்ணை யார் பார்க்கிறார்கள்? பொறுப்பான பிள்ளை என்று நீ ஒரு வரி எழுதினால் அங்கேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் இந்த மாதமே நான் வந்து கூட்டி வந்துவிடுகிறேன்.”

மறுநாள் சனிக்கிழமை மாலை, வேதவல்லி ரஃப் நோட்டில் முதலில் எழுதினாள். அப்படித்தான் அறந்தாங்கிப் பள்ளிக்கூடத்தில் பழக்கியிருந்தார்கள். இடப்பக்கம் ஊரும் தேதியும், கேட்டதற்குப் பதில் முதலில், சொந்த அபிப்பிராயம் வேண்டாம். எழுதிய எதுவும் பொய்யாக இருக்கக் கூடாது என்பது அவளுடைய சொந்த விதி. ஸ்ரீஜா பொறுப்பானவள் என்று எழுதி, அடித்தாள். அது அபிப்பிராயம். அதையே மறுபடி எழுதினாள். எழுதினால் சுபா இங்கேயே இருப்பாள், ஒவ்வொரு விடியலிலும் அந்தத் திரைக்குப் பின்னால், இன்னொருத்தி விரலுக்கடியில் பேசிக்கொண்டு. அடித்தாள்.

நல்ல பிரதியில் வந்தது இது: “நான் பகல் வேலைக்குப் போன பிறகு சுபாவின் கண்ணை ஸ்ரீஜா என்ற பெண் கவனிக்கிறாள். அவள் டேப் ஒட்டுவதில்லை. சமையலறையில் உணவை மூடும் பிளாஸ்டிக் தாளை ஒட்டுகிறாள். 15ஆம் தேதி காலை வலது கண் சிவந்திருந்தது. டாக்டர் கருவிழியில் கீறல் என்றார். இப்போது ஆறிவருகிறது. சுபாவுக்கு இங்கே இருக்கவே விருப்பம். முடிவு உங்களுடையது.”

இரண்டு முறை படித்துப் பார்த்தாள். ஒரு வரிகூடப் பொய்யில்லை. ஞாயிறு இரவு பற்றி அம்மா கேட்கவில்லையே. மடிப்புகளின் ஓரத்தை நாக்கால் நனைத்து, நகத்தால் ஒருமுறை நீவி ஒட்டினாள். பசையின் இனிப்பு நாக்கிலேயே நின்றது.

“கரூருக்கா? குடு” என்று சுபா வந்து நின்றாள். வெளியே போவதற்காகக் கூலிங் கிளாஸ் மாட்டியிருந்தாள். “நானும் ஸ்ரீஜாவும் மெடிக்கலுக்குத்தான் போறோம், போட்டுர்றோம். என்னத்தடி எழுதுன இவ்வளவு நேரம்?”

“உள்ளதைத்தான்.”

“நல்லா எழுது, இல்லாட்டி அம்மா பொட்டியக் கட்டீட்டு வந்துரும்” என்று பாதி வாயால் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

வேதவல்லி பால்கனிக்கு வந்தாள். கீழே மருந்துக்கடைப் பக்கத்தில் தபால் பெட்டி, மழையில் கறுத்த சிவப்பு. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். ஒரு ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போன பிறகு தெரு சற்று நேரம் சத்தமில்லாமல்கூட இருந்தது. சுபா கடிதத்தைப் பெட்டியின் வாயில் வைத்தாள். அது பாதியில் சிக்கி நின்றது. ஸ்ரீஜா அவளை நகர்த்திவிட்டு அதை உள்ளே தள்ளினாள். தள்ளிவிட்டும் நகரவில்லை. நாலு விரலையும் பெட்டிக்குள் விட்டுத் துழாவினாள், பக்கவாட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள், குனிந்து காதை வைத்துக் கேட்டாள். விழுந்துவிட்டது என்று உறுதியான பிறகுதான் கையைத் துடைத்துக்கொண்டு, வண்டிகள் வரும் பக்கமாக, சுபாவின் வலது புறத்துக்கு மாறி நடந்தாள்.