பாதி நாகுவின் இருநூறு

நாகலக்ஷ்மிக்குப் புக்ககத்தில் ஒரு பட்டப்பெயர் உண்டு. பாதி நாகு. வைத்தவர் வேறு யாருமில்லை, தாலி கட்டிய ஸ்ரீனிவாசன்தான். வீணை பாதியில் நின்றது, பி.எட். பாதியில் நின்றது, இந்திப் பரீட்சையும் பாதியில் நின்றது. வீணை நின்றது மாமியார் படுக்கையில் விழுந்ததால், பி.எட். நின்றது ஜானவி வயிற்றில் வந்ததால், இந்தி நின்றது ஸ்ரீனிவாசனுக்குக் கொச்சிக்கு மாற்றலானதால் என்பதெல்லாம் பட்டப்பெயருக்கு வேண்டாத விவரங்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். நாத்தனார் பத்மஜாவின் வாய் அதற்கும் ஒரு படி மேல்.

அந்த நாகு நாற்பத்தாறு வயதில் சைக்கிள் விடத் தொடங்கியதே தற்செயல். மகள் ஜானவி பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது விட்டுப்போன கியர் சைக்கிளை, காய் வாங்கிவர எடுத்தாள். வீடிருக்கும் வலியசாலையிலிருந்து சாலைக் கடைத்தெருவுக்குப் போன சைக்கிள் அடுத்த மாதம் கோவளம் போனது, அதற்கடுத்த மாதம் பொன்முடி அடிவாரம் வரை போனது. ஸ்ரீனிவாசன் அப்படித் தற்செயலாக வந்தவரல்லர். டெக்னோபார்க் கம்ப்யூட்டர் கம்பெனியில் மேனேஜர், ஐந்து வருஷமாக சைக்கிள் கிளப்பில் மெம்பர். அவருடைய சைக்கிளை ஒற்றை விரலால் தூக்கிவிடலாம். விலையைத்தான் தூக்க முடியாது.

கிளப்பில் எல்லோருக்கும் ஒரே கனவு, இருநூறு. சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பி, இருநூறு கிலோமீட்டரைச் சாயங்காலம் ஏழரைக்குள் ஓட்டி முடிக்க வேண்டும். வழியில் மூன்று இடத்தில் 'கன்ட்ரோல்' என்று மேசை போட்டு ஆள் உட்கார்ந்திருக்கும். குறித்த நேரத்துக்குள் அங்கே போய் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். ஒரு நிமிஷம் பிந்தினாலும் சேர்த்தியில்லை. போன வருஷம் இருவரும் போனார்கள். வெள்ளறடையில் ஸ்ரீனிவாசனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அவரோடு அவளும் நின்றாள். வலியசாலைக்கு வந்து சேர்ந்த செய்தி என்னவோ, நாகுவால் முடியவில்லை என்பதுதான். அவர் அப்படிச் சொல்லவில்லை. யாரோ சொன்னபோது மறுக்கவுமில்லை.

இந்த வருஷம் அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அட்டை நிறைய முத்திரையோடு இதை முடிக்க வேண்டும். வாழ்க்கையில் ஒன்றையாவது முழுசாக முடித்தாள் என்று அவள் பெயருக்குப் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும்.

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே போறோம், ரெண்டு பம்ப் எதுக்கு? வெறும் வெயிட்டாக்கும்" என்றார் ஸ்ரீனிவாசன், வெள்ளிக்கிழமை ராத்திரி பையைக் கட்டும்போது. பம்ப் அவர் சைக்கிளில், ட்யூபும் சாப்பாடும் அவள் பையில் என்று முடிவாயிற்று. கல்யாணமான இருபத்துநாலு வருஷமாகச் சுமையைப் பங்கிட்டது அவர்தான், அவள் மறுபேச்சுப் பேசியதில்லை.

காலையில் எல்லாம் நன்றாகவே நடந்தது. காட்டாக்கடை தாண்டியதும் ரப்பர் தோட்டங்கள், குலசேகரத்தில் முதல் முத்திரை, அப்புறம் கால்வாய்க் கரையோரமாக வாழையும் தென்னையும். பூதப்பாண்டி வயல்களில் நாற்றுப் பச்சை கண்ணைப் பறித்தது. ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது. காற்றாலைகளுக்குக் கீழே கைப்பிடியை விட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்தாள் நாகு. அவள் அப்படிச் சிரித்து ஸ்ரீனிவாசன் பார்த்தே வருஷங்கள் ஆகியிருக்கும். "விழுந்து வைக்காதே" என்றார்.

கன்னியாகுமரி கன்ட்ரோல் மூடுவதற்கு இருபது நிமிஷம் இருக்கும்போது இரண்டாவது முத்திரை விழுந்தது. அதுவரைக்கும் தள்ளிவந்த காற்று, திரும்பிய உடனே எதிரியாகிவிட்டது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறபோது ஐம்பத்தொரு வயது மேனேஜர் எம்மாத்திரம்? சுசீந்திரம் வருவதற்குள் அவர் நாக்கு வெளியே வந்துவிட்டது. "நீங்கோ என் பின்னாலேயே வாங்கோ. சக்கரத்தோட சக்கரமா ஒட்டிண்டு வந்தேள்னா காத்து தெரியாது" என்று சொல்லி அவள் முன்னே போனாள். முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்க, பின்னால் வருகிறவருக்குப் பாதிப் பாடு மிச்சம். வழக்கமாக மாறி மாறிப் போவார்கள். இங்கே தக்கலை வரை முப்பது கிலோமீட்டரும் அவள்தான் முன்னால். கண்ணில் மண் விழுந்தது, தோள் இற்றுப்போனது, ஒரு தடவைகூடத் திரும்பி "நீங்கோ கொஞ்சம் முன்னால போங்கோ" என்று கேட்கவில்லை.

தக்கலையில் அவர் இறங்கிக் கடை பெஞ்சில் சரிந்தார். அவள் இளநீர் வாங்கி வந்து கொடுத்தாள், பாட்டில் தண்ணீரை அவர் பிடரியில் ஊற்றினாள், தயிர் சாதத்தை எடுத்து வைத்தாள். அவர் தலையைக் குனிந்து போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். கால் மணி கழித்து எழுந்தபோது முகத்தில் புதுத் தெம்பு தெரிந்தது. இளநீர் வேலை செய்கிறது என்று நினைத்தாள் நாகு.

சாமியார்மடத்துக்குக் கொஞ்சம் முன்பு, சரியாக நாலு மணிக்கு, அவள் பின்சக்கரம் படபடவென்று தரையில் அடித்தது. பஞ்சர். பின்னால் வந்த ஸ்ரீனிவாசன் அவளைக் கடந்து போனார்.

"நீ ட்யூபை மாத்து. நான் அந்த வளைவுல நெழல்ல நிக்கறேன்."

வெயிலில் உட்கார்ந்து சக்கரத்தைக் கழற்றினாள், டயருக்குள் இருந்த கம்பித் துண்டைப் பிடுங்கினாள், ட்யூபை மாற்றினாள். அப்புறந்தான் பம்ப் அவரிடம் என்பது உறைத்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வளைவுக்குப் போனாள். நிழல் இருந்தது, அவர் இல்லை. போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். மொத்தம் ஏழு தடவை.

மறந்திருப்பார், வெயில் தலைக்கு ஏறியிருக்கும், கன்ட்ரோலில் போய் எனக்காகக் காத்திருப்பார் என்று அவருக்காக அவளே வாதாடினாள். மார்த்தாண்டம் கன்ட்ரோல் நாலு ஐம்பத்திரண்டுக்கு மூடிவிடும். ஓட்டமும் நடையுமாகச் சைக்கிளைத் தள்ளி, ரோட்டோரம் இருந்த பிச்சைக்கனியின் பஞ்சர் கடையில் போய் நின்றாள்.

"இது என்னக்கா வால்வு, ஊசி கணக்கா இருக்கு! நம்ம காத்து இதுல கேறாதே" என்றார் பிச்சைக்கனி. ஆனாலும் விடவில்லை. பழைய ட்யூப் துண்டை வால்வைச் சுற்றி இறுக்கிப் பிடித்து, மெஷின் குழாயை வைத்து அழுத்தினார். பாதிக் காற்று வெளியே சீறியது, பாதி உள்ளே போனது. "மெதுவா போங்க, கேட்டியளா? குழியில விட்டுராதிய" என்றார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

நாலு நாற்பத்தாறுக்கு மார்த்தாண்டம் பேக்கரி வாசலில் வந்து நின்றாள். ஆறு நிமிஷம் மிச்சம். மேசையைக் காணோம். பேனரைக் காணோம். முத்திரை குத்த உட்கார்ந்திருக்க வேண்டிய கிளப் பையன் பிரஜினையும் காணோம்.

"இங்கே சைக்கிள்காரா இருந்தாளே?"

கல்லாவில் இருந்த ஜெபமலர் எட்டிப் பார்த்தாள். "அந்தப் பையன் மேசைய மடக்கிக் கெட்டிட்டுப் போயிட்டானேக்கா. கடைசியா ஒரு ஆளு வந்து சொல்லிச்சு, இனி பின்னால யாரும் இல்ல, வீட்டுக்காரிக்கு முடியல, கார் வரவழைச்சுக் கேறிப் போயிட்டாவன்னு. நீங்க யாரு?"

அந்த வீட்டுக்காரி நான்தான் என்று எப்படிச் சொல்வது? வழியில் பெண்டாட்டியை விட்டுவிட்டு வந்தாயே என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. அதற்காகச் சொல்லியிருக்கிறார். ஒரு வெட்கத்தை மறைக்க ஒரு பொய். அதில் போனது அவளுடைய ஒரு வருஷம்.

பாறசாலையில் ரயிலேறிப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். அப்படிச் செய்தால் அந்தப் பொய் உண்மையாகிவிடும். அதற்கு அவளே முத்திரை குத்தியதாகிவிடும். கன்ட்ரோலில் ஆள் இல்லாவிட்டால் பக்கத்துக் கடையில் ஏதாவது வாங்கி, மணி அச்சடித்த பில்லைக் காட்டினால் போதும் என்று விதிப் புத்தகத்தில் உண்டு. அவள் விதிகளைப் படித்தவள். ஒரு பன்னும் சோடாவும் வாங்கினாள். பில்லில் 4.48 என்றிருந்தது. ஜெபமலரை அதில் கையெழுத்துப் போடச் சொல்லி, மடித்து உள்பைக்குள் வைத்தாள்.

களியக்காவிளை ஏற்றத்தில் அழுதாள். சத்தமாகவே அழுதாள், லாரிச் சத்தத்தில் யாருக்குக் கேட்கப் போகிறது? நெய்யாற்றின்கரை வந்தபோது அழுகை நின்றுவிட்டது. பாலராமபுரத்தில் விளக்குகள் எரிந்தன. அரைக் காற்றுச் சக்கரம் ஒவ்வொரு மேட்டிலும் பின்னுக்கு இழுத்தது. பழைய சினேகிதி மாதிரி அதைத் திட்டிக்கொண்டே மிதித்தாள். கரமனைப் பாலத்தைத் தாண்டும்போது மணி ஏழு ஐந்து.

கிழக்கேகோட்டைக்குப் பக்கத்து ஓட்டல் ஒன்றில்தான் முடிவு. ஏழு பன்னிரண்டுக்கு அவள் சைக்கிளோடு முற்றத்தில் நுழைந்தபோது ஸ்ரீனிவாசன் கழுத்தில் மெடலோடு, கையில் பழம்பொரியோடு, நாலு பேர் நடுவில் காற்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். "குமரியிலேர்ந்து தக்கலை வரைக்கும் ஒரே எதிர்க்காத்து. நான் முன்னால போய் வெட்டிண்டு வந்ததனாலதான் அவ அவ்வளவு தூரமாவது..." அவளைப் பார்த்ததும் பழம்பொரியைத் தட்டில் வைத்தார்.

கிளப் தலைவர் அழகியநம்பி எழுந்து வந்தார். "என்னம்மா, நீங்க கார்ல போயாச்சுன்னாரே சார்?"

எல்லோரும் பார்த்தார்கள். பொய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இருபத்துநாலு வருஷப் பழக்கம் நாக்கைப் பிடித்தது. அவளுக்கு முன்னால் அவரே சிரித்துக்கொண்டு முந்திக்கொண்டார். "தப்பு என்னோடதாக்கும் நம்பி. பஞ்சர்னா, பம்ப் வேற எங்கிட்ட மாட்டிண்டுது. இவளால முடியாதுன்னு நானே தீர்மானிச்சுட்டேன். போன்லயும் சார்ஜ் போயிடுத்து. நாகு, நான் பட்ட கவலை நோக்குத் தெரியாது!"

சார்ஜ் போன போன் ஏழு தடவை மணி அடிக்காது. அது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் விழுங்கினாள். களைத்துப்போன மனுஷன், வெட்கத்தில் உளறிவிட்டார், தொலையட்டும். அவள் நீட்டிய பில்லை நம்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், அதில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டு ஜெபமலரிடம் பேசினார், விதியைப் புரட்டினார், கடைசியில் அட்டையில் முத்திரையைக் குத்தினார். பதின்மூன்று மணி பன்னிரண்டு நிமிஷம். கைதட்டினார்கள். "சேச்சி, கலக்கிட்டீங்க!" என்று மலையாளப் பையன் ஒருவன் கத்தினான். அவள் அட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எல்லாக் கட்டத்திலும் மை.

முதலில் ஜானவிக்கு அனுப்ப வேண்டும். காலையிலிருந்து பாட்டரி போய்விடக் கூடாதென்று நெட்டை அணைத்து வைத்திருந்தாள். இப்போது போட்டதும் குடும்ப குரூப்பில் செய்திகள் வரிசையாக வந்து விழுந்தன. மேலே தள்ளிக்கொண்டே போனாள். முதல் செய்தி ஸ்ரீனிவாசனுடையது.

"நாகு தக்கலையில் விட்டுட்டா. அவளால முடியலை. பாவம், அவளுக்காக நானும் நிறுத்திடலாம்னு பாக்கறேன்."

அதன் கீழே பத்மஜா: "எதிர்பார்த்ததுதான்!" அதன் கீழே ஜானவி: "பரவாயில்லைம்மா, பாதி வரைக்கும் போனதே பெரிசு. அப்பா, நீ விடாதே. உனக்குத் தெம்பு இருக்கு, நீ முடி!"

ஸ்ரீனிவாசனின் செய்திக்கு ஓரத்தில் சின்ன எழுத்தில் மணி இருந்தது. 3.25.

அதை மறுபடி மறுபடி படித்தாள். பஞ்சரானது நாலு மணிக்கு. மூன்று இருபத்தைந்துக்கு அவள் தக்கலையில், இந்த மனுஷனின் பிடரியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். விட்டுவிடப் பார்த்தது அவர். பழியைப் போட அவள் பெயர் கையருகே இருந்தது; வீட்டில் அத்தனை பேரும் கேள்வி கேட்காமல் நம்புகிற பெயர். மகள் உசுப்பிவிட்டதும் தெம்பு வந்துவிட்டது. அதற்கப்புறம் நாகு முடித்துத் தொலைத்தால் சொன்னது பொய்யாகிவிடுமே! பஞ்சர் அவருக்குக் கடவுள் கொடுத்த வரம். மறதி எதுவும் இதில் இல்லை. தெரிந்தேதான் பம்பை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

"நம்ம கிளப்பில் இருநூறை முடித்த முதல் தம்பதி! வாங்க, ஒரு போட்டோ" என்று நம்பி கூப்பிட்டார். ஸ்ரீனிவாசன் வந்து அவள் தோளில் கையைப் போட்டார். கை சூடாக இருந்தது.

போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். "இதை எத்தனை மணிக்குப் போட்டேள்?"

அவர் பார்த்தார்.

"மூணு இருபத்தஞ்சு. அப்போ என் சக்கரத்துல காத்து இருந்தது" என்றாள், எல்லோர் காதிலும் விழும்படி. "என் கையில ஒங்களுக்கு வாங்கின எளநீர் இருந்தது."

"நாகு, ஆத்துக்குப் போய்ப் பேசிக்கலாம்..."

தோளில் இருந்த கையை, ஈரத்துணியை எடுப்பதுபோல் இரண்டு விரலால் எடுத்துக் கீழே விட்டாள். இரண்டடி தள்ளிப் போய், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"நம்பி சார், என்னைத் தனியா எடுங்கோ."