ஜோர்ஜ் கட்சிக்காரி

அமெரிக்க நாட்டுப்புறத்துக் கன்ட்ரி பாட்டு இருக்கிறதே, தொண்ணூறுகளின் அந்தப் பாட்டுக்காரரில் மன்னன் யார் என்று கேட்டால் வேதவல்லியிடம் ஒரே பதில்தான். ஜோர்ஜ் ஸ்ட்ரெயிற். இதைச் சொல்லிச் சொல்லியே முப்பது வருசம் குடும்பம் நடத்திவிட்டாள். அவளுடைய கணவர் சண்முகலிங்கமோ கார்த் புறூக்ஸ் கட்சி. கனடாவில், மில்லிக்கனில் இருக்கிற அந்த வீட்டுக்குச் சாப்பிடப் போனவர்கள் எவரும் இந்தச் சண்டையைக் கேட்காமல் கை கழுவியதில்லை.

இரண்டு யாழ்ப்பாணத்துச் சனத்துக்குக் கன்ட்ரி பாட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். எல்லாம் ஒரு ரேடியோ செய்த வேலை. தொண்ணூற்றிரண்டில் ரொறன்ரோவுக்கு வந்து, சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியொன்றில் பதினாலாம் மாடியில் குடியேறியபோது பழைய சாமான் கடையில் அதை வாங்கிவந்தார் சண்முகலிங்கம். நிலையம் மாற்றுகிற குமிழ் உடைந்து, முள்ளு ஒரு கன்ட்ரி நிலையத்தில் இறுகிப்போய் நின்றது. குறட்டால் திருகிப் பார்த்தார், அசையவில்லை. வேறு வழி? மூன்று வருசம் அதையே கேட்டார்கள். வேதவல்லிக்கு முதன்முதலில் முழுசாக விளங்கிய ஆங்கிலம் ஜோர்ஜ் பாடியதுதான். அவசரப்படாமல், ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் கையில் தருகிறவர் மாதிரிப் பாடுவார் மனிசன். அந்த நன்றியை அவள் மறக்கவில்லை.

இப்போது மகள் அட்சயாவின் கல்யாண வரவேற்பு வருகிறது. மண்டபத்துக் கதவு திறக்க, பெண்ணின் தாயும் தகப்பனும் பாட்டோடு உள்ளே நடந்து வரவேண்டும். ரொறன்ரோவில் இப்போது அப்படியொரு முறை. பாட்டு ஒன்றுதான். அது ஜோர்ஜின் பாட்டாக இருக்கவேண்டும் என்பது வேதவல்லியின் ஆசை. சீலையைக்கூட அந்தப் பாட்டின் ஆறுதலான நடைக்குத் தோதாகப் பார்த்துத்தான் எடுத்திருந்தாள். சண்முகலிங்கம் கார்த்தை விடுவதாக இல்லை.

"அம்மா, ஃப்ரைடேக்குள்ள டீஜேக்குச் சொல்லோணும். நீங்கள் ரெண்டு பேரும் டிசைட் பண்ணுங்கோ. ஐ ஆம் டன்" என்றாள் அட்சயா.

நௌபர் அண்ணைதான் வழி சொன்னார். இரண்டு தெரு தள்ளி இருப்பவர், வீடுகளைச் சூடாக்குகிற ஃபேர்னஸ் திருத்துகிறவர். யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் பள்ளிக்கூட விவாத அணித் தலைவர். அதற்குப் பிறகு அவரை ஒருவரும் எதற்கும் தலைவராக்கவில்லை, ஆகையால் அந்தப் பதவியை அவர் இன்றுவரை கைவிடவில்லை.

"பட்டிமன்றம் வைப்பம். நான் நடுவர்" என்றார்.

ஞாயிறு மத்தியானம் சாப்பாடு முடிய, கரண்டியால் மேசையில் தட்டிச் சபையைக் கூட்டினார். சபை என்றால் சோபாவில் கால் நீட்டியிருந்த அட்சயா ஒருத்திதான்.

"ஆர் திறமாப் பேசுறாரோ அவற்ற பாட்டுக்காரனுக்கு வெற்றி. எந்தக் கட்சி எண்டதை, பள்ளிக்கூட முறைப்படி, சீட்டுக் குலுக்கித்தான் எடுக்கிறது."

"நான் ஜோர்ஜ் கட்சி எண்டு ஊருக்கே தெரியும். பிறகென்ன சீட்டு, அண்ணை?"

"முறை எண்டா முறை, தங்கச்சி."

எடுத்தால், வேதவல்லியின் கையில் கார்த். சண்முகலிங்கத்தின் கையில் ஜோர்ஜ். இரண்டு பேரின் முகமும் சுருங்கியது. ஒரு நிமிசம்தான். பிறகு வேதவல்லிக்கு மூளையில் வெளிச்சம் வந்தது. தான் கேவலமாகப் பேசினால் கார்த் தோற்பார், ஜோர்ஜ் வெல்வார், பாட்டு அவளுக்கு. ஆசையோடு நிமிர்ந்தால், எதிரே கணவரும் அதே கணக்கோடு மீசைக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். நடுவருக்கு மட்டும் ஒன்றும் உறைக்கவில்லை.

சண்முகலிங்கம் முதலில் எழும்பினார்.

"நடுவர் அவர்களே. ஜோர்ஜ் ஸ்ட்ரெயிற் நல்ல மனிசன். தொப்பி போடுவார். தொப்பி போட்டா வெயில் படாது. நன்றி."

"அப்பா, அவ்வளவுதானா?" என்றாள் அட்சயா. நடுவர் தலையிலடித்துக்கொண்டு நூற்றுக்கு ஐந்து புள்ளி எழுதினார்.

இதைவிட மோசமாகப் பேசினால் போதும். முப்பது வருசமாகக் கார்த்தை நக்கலடித்துப் பழகிய வாய்க்கு அதொரு வேலையா? முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

"நடுவர் அவர்களே. கார்த் கயிற்றில தொங்கியெல்லாம் பாடினவர். பாட்டு இல்லையெண்டாலும் சர்க்கஸில வேலை எடுத்திருக்கலாம். அடுத்தது, அவற்ற பாட்டை நல்லாக் கத்திப் பாடலாம். எங்கட இவர் கத்துறவர். அந்த நாளில லிப்ட் வேலை செய்யாட்டி, படியால ஏறி வரேக்க..."

அங்கே நின்றுவிட்டாள். சொல்லவந்த பகிடி மறந்துபோயிற்று.

"எனக்கு அப்ப சரியான பயம், அண்ணை. புது ஊர், பாசை தெரியாது. ஆரும் கதவைத் தட்டினா மூச்சும் விடமாட்டன். இவர் ரெஸ்ரோரன்ரில கோப்பை கழுவிப்போட்டு, சப்பாத்தெல்லாம் ஈரமா, பதினாலு மாடியும் ஏறி வருவார். கார்த்தின்ர பாட்டைக் கத்திக்கொண்டு வருவார். ஒன்பதாம் மாடியிலயே எனக்குக் கேக்கும். இவர் தட்ட முந்தியே நான் கதவைத் திறந்துபோடுவன். ஜோர்ஜின்ர பாட்டு மெல்லமாப் பாடுறது. அது பதினாலாம் மாடிக்கு எட்டியிராது."

கதிரையில் இருந்துவிட்டாள். இருந்த பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று விளங்கியது. சீலை, பாட்டு, முப்பது வருசக் கட்சி, எல்லாவற்றையும் தன் வாயாலேயே தாரைவார்த்துவிட்டாள்.

சண்முகலிங்கம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்குத்தான் பாடினனான் எண்டு உமக்குத் தெரியுமோ?"

"எனக்காகவோ பாடினீங்கள்?"

"பின்ன? மூச்சு வாங்க வாங்க ஆரும் சும்மா பாடுவினமே?"

நௌபர் அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புள்ளி ஒன்றும் எழுதவில்லை. "கார்த்" என்று மட்டும் சொன்னார்.

வரவேற்பு நாள். ஸ்காபரோவில் மண்டபம், உள்ளே நானூறு பேர். சாத்திய கதவுக்கு வெளியே, மெல்ல நடப்பதற்கென்று எடுத்த சீலையோடு வேதவல்லி நின்றாள். உள்ளே கார்த்தின் பாட்டுத் தொடங்கியது. பக்கத்தில் சண்முகலிங்கம் முணுமுணுத்தார், பிறகு வாய்விட்டே பாடத் தொடங்கினார். அறுபத்துமூன்று வயசு, இரண்டாம் வரியிலேயே மூச்சு வாங்கியது.

"எண்டாலும் ஜோர்ஜ்தான் பெரிய ஆள்" என்றாள் வேதவல்லி, அவர் காதுக்குள். கண் நிறைந்துவிட்டது. சந்தோசம் தாங்க முடியவில்லை அவளுக்கு. அவர் இன்னும் பலமாகக் கத்தினார்.

கதவைத் திறக்க மண்டபத்து ஆட்கள் இருவர் கைப்பிடியில் கை வைத்தார்கள்.

"விடுங்கோ தம்பிமார்" என்றாள் அவள். "இவருக்கு நான்தான் திறக்கிறது."