ஒற்றைக் கட்டில் கம்பெனி

ஊரிலேயே பெரிய வீடு மாற்றும் கம்பெனியில் அண்ணன் சூப்பர்வைசர். லாரி நிறையச் சாமான் இல்லாதவர்களை அந்தக் கம்பெனி ஏறெடுத்தும் பார்க்காது. ஒரு கட்டில், ஒரு வாளி, ஒரு மூட்டைத் துணியோடு அறை மாறும் தனியாட்கள் போன் செய்தால், அண்ணன் சிரித்துக்கொண்டே தங்கையின் நம்பரைக் கொடுத்துவிடுவான். அவளிடம் இருந்தது ஒரு சரக்கு ஆட்டோ. கூட்டாளி வேறு யாருமில்லை, அண்ணியேதான். அண்ணி ஓட்டுவாள், இவள் கட்டி ஏற்றுவாள்.

லாரிக்காரர்கள் இவளுக்கு வைத்த பெயர் 'ஒத்தக் கட்டில்'.

தனியாட்களுக்கு மறுநாள் காலையில் வேலை இருக்கும். வந்த அன்றே படுத்தாக வேண்டும். அதனால் கட்டிலைப் பொருத்தி, மெத்தையை விரித்து, பல்பையும் மாட்டிவிட்டுத்தான் இவள் கிளம்புவாள்.

அப்படிப்பட்ட தனியாள் ஒருவனுக்குக் கல்யாணம் ஆனது. இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. மாமியாரும் வந்து சேர்ந்தாள். வீடு மாற வேண்டியபோது அவன் இவளுடைய பழைய நம்பரையே அழைத்தான்.

அண்ணனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

"முழு வீட்டையா? அந்தத் தீப்பெட்டிலயா?"

"ஒரே நாள்ல முடிச்சுடுவோம்ணே."

"முடியலன்னா ஆட்டோவ வித்துட்டு எங்க ஆபீஸ்ல வந்து போன் எடு. முடிச்சுட்டா, அந்த வீட்டு பீரோவ நானே முதுகுல சுமந்து மாடி ஏத்துறேன்."

"நான் சாட்சி," என்றாள் அண்ணி. "பேச்சு மாறினீங்க, சாப்பாடு கிடையாது."

ஆட்டோமேல் உயிரையே வைத்திருந்தவளுக்கு, அந்த ஆபீஸ் நாற்காலியை நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

லாரி வீட்டையே ஒரே குவியலாகக் கொண்டுவந்து கொட்டும். கரண்டி எந்தப் பெட்டியில் என்று குடும்பமே நாள்கணக்கில் தேடும். ஆட்டோவிலோ ஒரு நடைக்கு ஓர் அறைதான் கொள்ளும். அதையே இவள் பிடித்துக்கொண்டாள். முதல் நடையில் சமையலறை. அடுத்த நடை வருவதற்குள் மாமியார் அடுப்பைப் பற்றவைத்துவிட்டாள். பிறகு தொட்டில்கள். குழந்தைகள் புது வீட்டில் வாயைப் பிளந்து தூங்கின. சோபா வரும்போது டயர் பஞ்சர். "இதுக்கும் ஒரு நேரம் காலம் வேணாமா?" என்று திட்டிக்கொண்டே அண்ணி டயர் மாற்றினாள். இவள் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் அண்ணன் வேடிக்கை பார்க்க வந்தான். வாசலில் பீரோ தன்னந்தனியாக நின்றது. அவன் முகம் மலர்ந்தது.

"என்னம்மா ஒத்தக் கட்டில், பீரோ இன்னும் தெருவுல நிக்குது? நாளைக்கே ஆபீசுக்கு வந்துடு."

"மொதல்ல மேல வந்து பாருண்ணே."

மேலே திரைச்சீலை தொங்கியது. பால் பொங்கும் வாசனை. வீட்டுக்காரன் சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்தான்.

அண்ணன் அறை அறையாகப் போய்ப் பார்த்தான். "எங்க லாரில வந்தவங்களுக்கு முதல் நாள் உக்காரவே எடம் இருக்காதே..."

"எல்லாத்தையும் ஏத்தியாச்சு. பீரோ மட்டும் உன் பங்கு. அதான் தொடாம வெச்சிருக்கோம்."

அண்ணன் திருதிருவென விழித்தான். அப்புறம் அவனுக்கே சிரிப்பு பீறிட்டது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போய் பீரோவுக்கு முதுகைக் கொடுத்தான். பின்னாலிருந்து தங்கை தாங்கிக்கொண்டாள். முக்கி முனகிப் படித் திருப்பம்வரை வந்து, மூச்சு வாங்க நின்றான்.

மேல்படியிலிருந்து அண்ணி எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, பாத்து! சுவத்துல உரசிடாதீங்க. எங்க கம்பெனி பேரு கெட்டுடும்."