கால்வாய்க் கரை பதினாலு கிலோமீட்டர்

ஜெகதீசனின் சைக்கிளை யாரும் குறை சொல்ல முடியாது. கிடாக் கொம்பு போல வளைந்த ஹேண்டில், கொஞ்சம் தடித்த டயர். தார் ரோட்டில் வழுக்கிக்கொண்டு போகும். ஜல்லி, செம்மண் என்றாலும் முகம் சுளிக்காது. குறையெல்லாம் மேலே உட்கார்ந்திருந்த ஆளிடம்தான். நாற்பத்தாறு வயது, பேங்க் வேலை, ஆறு மாதமாக ஊரப்பாக்கம் காலனி முழுக்க "இது எந்த ரோட்லயும் போகும் சார்" என்று பீற்றிக்கொண்டிருந்த வாய்.

அந்த வாய்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பந்தயத்தில் கொண்டுபோய் மாட்டிவிட்டது. விடியற்காலை செங்கல்பட்டில் கிளம்பி, திருக்கழுக்குன்றம் வழியாகச் சதுரங்கப்பட்டினம். அங்கே கோட்டை வாசலில் கையில் ஒரு முத்திரை குத்துவார்கள். பிறகு பக்கிங்காம் கால்வாய்க் கரையோடு பதினாலு கிலோமீட்டர் கரடுமுரடுப் பாதை. மாமல்லபுரத்தில் முடிவு. ஆண், பெண், இளசு, கிழசு எல்லாருக்கும் ஒரே பந்தயம், ஒரே பதக்கம்.

கோட்டை வாசலுக்கு வரும்போதே ஜெகதீசனின் தொடைகள் கெஞ்சின. முன்னால் போனவர்கள் கண்ணுக்கே தெரியவில்லை. முத்திரையை வாங்கிக்கொண்டு, முனை திரும்பியதும் இறங்கி நின்றுவிட்டார். அப்போதுதான் அந்தக் குட்டியானை மினி லாரி வந்தது. ஞாயிறுதோறும் அவர் தெருவுக்கு மீன் கொண்டுவரும் தணிகைவேலின் வண்டி.

"இன்னா சார், நம்ம ஊரப்பாக்கம் சார்தான? மூஞ்செல்லாம் வெளுத்துப் போய் கீது. ஏறு சார், அந்தாண்டதான் போறேன்."

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தார். அதற்குள் சைக்கிள் மீன் பெட்டிகளின் மேல் படுத்துவிட்டது. வண்டி ஈ.சி.ஆர். தார் ரோட்டில் பறந்தது. மாமல்லபுரத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் இறங்கிக்கொண்டார். மற்றவர்கள் எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பார்கள், கூட்டத்தோடு கூட்டமாக நுழைந்துவிட்டால் யார் கவனிக்கப் போகிறார்கள் என்பது அவர் போட்ட திட்டம். கூட்டம் இன்னும் கால்வாய்க் கரையில்தான் இருக்கும் என்பது அந்த மூளைக்கு எட்டவில்லை.

"முதல் ஆள் நீங்கதான் சார்!"

கழுத்தில் பதக்கம் விழுந்தது. "இல்லைங்க, நான் வந்து..." என்று ஆரம்பித்தார். யாரோ தோளில் கைபோட்டு செல்ஃபி எடுத்தார்கள். ஆறு மாதமாக ஓயாத வாய், வேண்டிய அந்த ஒரு நிமிஷத்தில் ஊமையாகிவிட்டது.

இருபது நிமிடம் கழித்து ஒரு பெண் வந்து சேர்ந்தாள். யோகேஸ்வரி, சதுரங்கப்பட்டினத்துக்காரி, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். செகண்ட் ஹாண்ட் சைக்கிள், முழங்கால் வரை சேறு. நேராக அவரிடம் வந்து கைகொடுத்தாள்.

"சூப்பர் சார். எப்ப சார் என்னைத் தாண்டுனீங்க? திரும்பித் திரும்பிப் பாத்துகினேதான் வந்தேன். ஒரு எடத்துல சேத்துல சைக்கிளத் தூக்கிகினு நடந்தேனே, அப்பவா?"

"அப்பதான் இருக்கும்," என்றார் ஜெகதீசன்.

வண்டியில் ஏறியதைக்கூடக் கால்வலி என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இந்த வார்த்தைக்கு என்ன சமாதானம் இருக்கிறது? போதாததற்கு, காலனி சங்கச் செயலாளர் அப்பாசாமி தெருமுனையில் ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார். 'சைக்கிள் சிங்கமே, வாழ்க!' சிங்கம் அந்தப் பக்கமே போகாமல் பின்தெரு வழியாக பேங்குக்குப் போய் வந்தது.

அடுத்த ஞாயிறு தணிகைவேலின் வண்டி வழக்கம்போல அதே முனையில், சரியாக ஃப்ளெக்ஸுக்குக் கீழே வந்து நின்றது. மனைவி விஜயகுமாரி பையைக் கையில் திணித்து ஜெகதீசனையும் இழுத்துக்கொண்டு போனாள். சுற்றி ஏழெட்டுப் பெண்கள். தணிகைவேல் அண்ணாந்து ஃப்ளெக்ஸைப் பார்த்தான். பிறகு ஜெகதீசனைப் பார்த்தான்.

"சார் பலே ஆளுக்கா," என்றான் விஜயகுமாரியிடம். "காலா அது? மோட்டாரு!"

பெண்கள் சிரித்தார்கள். அவன் மீனை நிறுத்துப் பையில் போடும்போது மட்டும் குனிந்து, குரலைத் தாழ்த்தினான்.

"அன்னிக்கி ரெண்டாவது வந்துச்சே, அது என் தங்கச்சி சார். ஒரு வாரமா தினம் காலைல கரைமேலயே ஓட்டிகினு கீது. நீ எந்த எடத்துல தாண்டுனேன்னு தேடுதாம். எங்க கோட்ட வுட்டோம்னு தெரியணுமாம். நான் ஒண்ணும் சொல்லல சார். உன் மானம் போயிடும்ல?"

திட்டியிருந்தால்கூட ஜெகதீசன் தாங்கியிருப்பார். இல்லாத ஓர் இடத்தை அந்தப் பெண் தினமும் தேடிக்கொண்டிருக்கிறாள் என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"விஜயா, நான் ஓட்டல," என்றார். குரல் அவர் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "கால்வாய்க் கரைப் பக்கமே போகாம இவர் வண்டியிலதான் வந்தேன்."

அடுத்த மீனை வெட்டத் தொடங்கியிருந்த தணிகைவேலின் கத்தி நின்றது. எல்லாரும் ஃப்ளெக்ஸைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள். விஜயகுமாரி மட்டும் திகைக்கவில்லை.

"தெரியும்," என்றாள். "ஹேண்டில்ல ஒட்டியிருந்த மீன் செதில நான்தான கழுவுனேன்? நீங்களா எப்ப சொல்றீங்கன்னு ஒரு வாரமா பாத்துகினு இருந்தேன்."

ஜெகதீசன் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பதக்கத்தை எடுத்துவந்து தணிகைவேலிடம் நீட்டினார். "தங்கச்சிகிட்ட குடுத்துடுப்பா."

அவன் கைநீட்டவில்லை. "நான் இன்னாத்துக்கு சார் குடுக்கணும்? நீயே வந்து குடு. எங்கயும் உன்னைத் தாண்டலம்மான்னு அது மூஞ்சிக்கு நேரா சொல்லு." தராசைத் துடைத்து வைத்துவிட்டுக் கேட்டான்: "திரும்பிப் போறப்ப வண்டி காலியாத்தான் போவும். ஏறிக்கிறியா?"

"இல்ல," என்றார் ஜெகதீசன். "சைக்கிள்லயே வரேன். கால்வாய்க் கரை வழியா."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்; இப்போது நிஜமாகவே ஓட்டியாக வேண்டும்.