கடைசி வரியில் யார் பெயர்?

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமானதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கிங்ஸ் சர்க்கிளில் ஒரு ஹோட்டலில் பொறுக்கியது. மாட்டுங்கா பக்கம் சாப்பிட்டுப் பழகியவர்களுக்குத் தெரியும், அங்கே ஞாயிறு காலையில் தனி மேஜை கேட்பது பேராசை. எந்த நாற்காலி காலியோ அதில் உட்கார வேண்டும். எதிரே இருப்பவர்கள் குடும்பச் சண்டை போட்டால் இட்லியைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொள்ள வேண்டும். அப்படித்தான் என் மேஜையில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணும் ஓர் ஆணும் இருந்தார்கள். அந்தப் பெண் சொன்னாள்: "நேத்தும் மெஷின் விழுந்துடுத்து. கடைசி வரியில உங்க பேர்தான் இருக்கு."

என் காபி ஆறிப்போனது. மெஷின் எப்படி விழும், விழுந்தால் அதில் இவன் பெயர் ஏன் இருக்கும், ஒன்றும் புரியவில்லை. புரியாததை எழுதத்தான் எனக்கு வரும். [புரிந்ததை எழுத ஆபீஸ் இருக்கிறது. இன்சூரன்ஸ் விளம்பரங்களின் தமிழைத் திருத்துவது என் பிழைப்பு.]

2

ஆரம்பிக்கப் பார்த்தேன்.

"மழை விட்டிருந்த ஒரு மாலையில் மானசா—" வேண்டாம். மும்பையில் மழை விட்டதையெல்லாம் யார் கவனிக்கிறார்கள்? ரயில் ஓடுகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

"கெர்னல் என்பது யாதெனில்—" பாடப்புத்தகம்.

"சுரேந்திரன் ஒரு தப்பும் செய்யாதவன்." இது எனக்கு எப்படித் தெரியும்?

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். பெண்ணுக்கு மானசா என்று பெயர் வைக்கிறேன். ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நாடித்துடிப்பைக் காட்டும் பெட்டி இருக்குமே, அதைச் செய்கிற ஒரு கம்பெனியில், விக்ரோலியில், அவளுக்கு வேலை. அந்தப் பெட்டிக்குள்ளும் ஒரு கம்ப்யூட்டர்தான். அதில் ஓடும் எல்லா ப்ரோகிராமுக்கும் அடியில் கெர்னல் என்று ஒன்று உண்டு. ஹவுசிங் சொசைட்டி செக்ரெட்டரி மாதிரி. யாருக்கு எந்த இடம், யாருக்கு எப்போது தண்ணீர் என்பதெல்லாம் அதன் பொறுப்பு. தன் கணக்கிலேயே ஏதோ கோளாறு என்று தெரிந்துவிட்டால் அது மேற்கொண்டு ஓட மாட்டேன் என்று நின்றுவிடும், அதைத்தான் விழுவது என்கிறார்கள். மொத்தப் பெட்டியும் அணைந்து, திரும்ப எழுந்து வரும்வரை திரை கருப்பாக இருக்கும். அந்த நேரம் பார்த்துக் கட்டிலில் இருப்பவருக்கு ஏதாவது ஆனால் யாருக்கும் தெரியாது. இதுவரை ஆகவில்லை.

நிற்பதற்கு முன் கெர்னல் ஒரு வாக்குமூலம் விட்டுப் போகும். ப்ரோகிராமின் பகுதிகளில் யார் யாரைக் கூப்பிட்டார், அவர் யாரைக் கூப்பிட்டார், கடைசியில் யார் கையில் இருக்கும்போது மூச்சு நின்றது என்று. [உண்மையில் கடைசி ஆள்தான் முதலில் அச்சாவாராம், எல்லாம் தலைகீழ். மானசா திருத்தச் சொன்னாள். கதைக்குக் கடைசிதான் வசதி என்று விட்டுவிட்டேன்.] அதைப் படித்து ஏன் விழுந்தது என்று சொல்வதுதான் அவள் வேலை. ஒவ்வொரு தடவையும் கடைசி வரியில் நிற்பது விரலில் மாட்டும் கருவியிலிருந்து நாடியை வாங்கும் பகுதி. அதை எழுதியவன் சுரேந்திரன், அதனால் அது அவன் பெயர்தான்.

3

சுரேந்திரன் தாராவியில் பிறந்தவன், முனிசிபல் ஸ்கூலில் தமிழில் படித்து, பிறகு இஞ்சினியரானவன். இப்போது கான்ட்ராக்டில் இருக்கிறான். அடுத்த மாதம் பர்மனென்ட் ஆக வேண்டும். மேனேஜர் அனந்தநாராயணனுக்கு இதில் குழப்பமே இல்லை. "பேர் இருக்கோல்லியோ? அப்பறம் என்ன யோஜனை? திங்கக்கிழமை காலம்பற ரிப்போர்ட் குடுத்துடு" என்று மானசாவிடம் சொல்லிவிட்டார்.

குழப்பம் மானசாவுக்கு. சுரேந்திரனின் கோட், அதாவது அவன் எழுதிய ப்ரோகிராம், மெமரியில் தனக்கு ஒதுக்கிய அறையைத் திறந்தது, உள்ளே எல்லாம் உடைந்து கிடந்தது, அதைப் பார்த்துத்தான் விழுந்தது. அதற்கு முன்னால் உள்ளே புகுந்து உடைத்தது யார்? பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே. வேறு யாராவது இருக்கலாம். சுரேந்திரனின் கோடே முந்தின தடவை உடைத்துவிட்டுப் போயிருக்கவும் இருக்கலாம். யார் எந்த இடத்தைத் தொடுகிறார்கள் என்று பார்க்க உள்ளே ஒரு காவலைப் போட்டுப் பார்த்தாள். காவல் இருக்கும்வரை பெட்டி விழவே இல்லை. எடுத்த மறுநாள் விழுந்தது. மறுபடி போட்டாள், சமர்த்தாக ஓடியது.

4

சுரேந்திரன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "மேடம், நான் என்ன சொல்ல வாரேன்னா—"

(நின்றுவிட்டது.)

சுரேந்திரன் தண்ணீரைக் குடித்துவிட்டு, "மேடம்—"

(மறுபடியும்.)

வாரம் முழுக்க இதே கதிதான். சுரேந்திரனை உள்ளே கொண்டுவந்தால் கதை அங்கேயே படுத்துவிடுகிறது. எனக்கு எரிச்சல். இவன் பாத்திரமே சரியில்லை, நல்லவனா கெட்டவனா என்று ஒரு பிடியும் கிடைக்கவில்லை, இவனைத் தூக்கிவிட்டு வேறு ஆளைப் போட்டால் கதை ஓடும் என்று முடிவுசெய்தேன். அவன் வந்த வரிகளை அழிக்கக்கூட ஆரம்பித்தேன்.

அழிக்கும்போதுதான் உறைத்தது. அனந்தநாராயணன் விக்ரோலியில் செய்வதைத்தான் நான் செம்பூர் வீட்டில் உட்கார்ந்து செய்துகொண்டிருக்கிறேன்.

நின்ற இடத்தில் பழுது இல்லையென்றால் முன்னால் எங்கோ இருக்க வேண்டும். மேலே போய்ப் பார்த்தேன். மூன்றில் ஒன்றுமில்லை. இரண்டில் ஓர் அடைப்புக்குறி: "மானசா திருத்தச் சொன்னாள்." ஹோட்டலில் பார்த்த முன்பின் தெரியாத பெண் எப்படி வந்து என் கதையைத் திருத்தச் சொல்வாள்? நீங்கள் அப்போதே பிடித்திருப்பீர்கள். எனக்குத்தான் இவ்வளவு நேரம்.

மறுபடியும் 1

மானசா என் மனைவி. அந்த மேஜையில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். எதிரே சுரேந்திரன்.

முன்பின் தெரியாதவர்களாக்கினால் கதையை என் இஷ்டத்துக்கு முடிக்கலாம். மனைவி பக்கத்து அறையில் அந்த ரிப்போர்ட்டை எழுதிக்கொண்டிருக்கும்போது அது முடியாது. ஆமாம், இன்று ஞாயிறு மதியம். நாளை காலை கொடுத்தாக வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது.

இப்போது சுரேந்திரன் தானாகவே பேசுகிறான்.

"மேடம், என் பேரையே போட்ருங்க."

மானசா கரண்டியைக் கீழே வைத்தாள். "என்ன சொல்றீங்க?"

"நானும் தினம் பாக்குதேன். என் கோட்ல ஒரு தப்பும் தெரியல. ஆனா தினமும் என் பேரே வந்தா, நான்தான் என்னமோ செஞ்சிட்டேனோன்னு எனக்கே தோணுது. பேய் அடிச்ச மாதிரி ஏன் இருக்கீகன்னு வீட்ல எம் பொஞ்சாதி பிரேமலதா கேக்கா. என்னத்தச் சொல்ல? முடிச்சு விட்ருங்க."

"பர்மனென்ட் போயிடுமே."

"போனாப் போவுது. வேற எங்கயாச்சும் தேடிக்கிடுதேன்."

"அரே, போட்டுடலாம்! உங்களை அனுப்பிச்சுடுவா. கேஸ் க்ளோஸ், எல்லாருக்கும் நிம்மதி. அப்பறம் ஏதோ ஒரு ஆஸ்பத்திரில பெட்டி மறுபடி விழும். அப்போ தேடறதுக்கு யாருமே இருக்க மாட்டா. கட்டில்ல படுத்திண்டிருக்கறவருக்கு யாரு பதில் சொல்றது, நீங்களா நானா?"

சர்வர் வந்து "ஔர் குச்?" என்றார். வேறெதுவும் வேண்டாம் என்று மூன்று பேரும் தலையாட்டினோம்.

எழுந்திருக்கும்போது அவன் என்னிடம் சொன்னான்: "அண்ணே, நீங்க கதை எழுதுவீகளாமே. இத எழுதுனா எனக்கு அனுப்புங்க. நான் தமிழ் மீடியம், படிச்சிருவேன்."

[மானசாவுக்குத் தமிழ் பேசத்தான் வரும், எழுத்து அரைகுறை. மாட்டுங்காவில் பிறந்து இங்கிலீஷில் படித்தவள். என் கதைகளை நான் வாசித்துக் காட்டினால்தான் உண்டு. ஆக, இந்தக் கதையில் வருகிறவர்களில் இதைத் தானே படிக்கப்போவது அவன் ஒருவன்தான். அவன் இவன் என்பதெல்லாம் கதைக்காக. நேரில் அவர், வாங்க, போங்கதான்.]

5

முடிவுகள்.

மானசா கண்டுபிடித்துவிடுகிறாள், உடைத்தது அனந்தநாராயணன் எந்தக் காலத்திலோ எழுதிய கோட். வாசகர் கைதட்டுவார். எனக்கும் கை துறுதுறுக்கிறது. ஆனால் அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

உடைத்தது சுரேந்திரனேதான். இதுவும் நடக்கக்கூடியது. எழுதினால் அவன் படிப்பான்.

இன்னொன்று, ரிப்போர்ட்டில் மானசா "காரணம் தெரியவில்லை" என்று எழுதுகிறாள். அவளிடமே போய்க் கேட்டேன்.

"தெரியலைன்னு எழுதறதுக்கா உனக்குச் சம்பளம்னு கேப்பார் அனந்து சார்" என்றாள். "உன் கதைல என்ன எழுதியிருக்கே?"

"நீ முடிச்சப்பறம் எழுதலாம்னு இருக்கேன்."

"நீ எப்படி முடிக்கறேன்னு பாத்துட்டு நான் எழுதலாம்னு இருந்தேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பு சரியாக வரவில்லை. [ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து இருவருமே நகராமல் நிற்பதும் கெர்னலைப் படுக்கவைக்குமாம். தாராவிச் சந்தில் எதிரெதிரே இரண்டு கைவண்டி வந்து நின்ற மாதிரி.]

6

கொஞ்ச நேரம் கழித்து அவளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் அதற்குள் நான் எழுதிவைத்த கடைசி வரி இருந்தது. "எல்லாம் முடிந்தபின் அந்த நாற்காலியில் மிச்சமிருந்தவன் சுரேந்திரன்." உண்மையைச் சொன்னால் அந்த வரியில் எனக்குக் கொஞ்சம் கர்வம்.

வாசித்துக் காட்டு என்று அவள் கேட்கவில்லை. திரையில் விரலை வைத்து, ஸ்டேஷன் பலகையைப் படிக்கிற குழந்தை மாதிரி தானே எழுத்துக்கூட்டினாள். "சு... ரே... ந்... தி..." மெதுவாகத்தான் வந்தது. அவன் பெயரைத் தமிழில் அவள் படிப்பது இதுதான் முதல் தடவை.

முழுதாகப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இங்கயும் கடைசி வரியில அவர் பேர்தானா?"

எனக்கு அழுகை வரும்போல இருந்தது. அவள் எழுந்து போய்விட்டாள். பக்கத்து அறையில் தட்டச்சுச் சத்தம் கொஞ்சம் கேட்டது, பிறகு இல்லை. என்ன எழுதினாள் என்று நான் போய்க் கேட்கவில்லை. அவன் பெயரைப் போட்டிருப்பாளோ என்று பயப்படுகிறேனா, போடாமல் விட்டுத் தானே மாட்டிக்கொள்வாளோ என்று பயப்படுகிறேனா, தெரியவில்லை.

அந்த வரியில் அவன் பெயரை அழித்துவிட்டேன். அனந்தநாராயணன் என்று போட்டுப் பார்த்தேன், அது ரொம்பச் சுலபம். மானசா என்று போட விரல் வரவில்லை. என் பெயரைப் போட்டால் பெரிய தியாகி மாதிரி இருக்கிறது, அதுவும் பொய். இப்போதைக்கு வரி இப்படி நிற்கிறது:

எல்லாம் முடிந்தபின் அந்த நாற்காலியில் மிச்சமிருந்தவர் ____________.

காலியாக விட்டால் கதை முடியவில்லை என்று உங்களுக்குத் தோன்றலாம். ஒரு பெயர் இருந்தே ஆக வேண்டுமென்றால், முதலில் உங்கள் பெயரைப் போட்டுப் பாருங்கள்.

தாராவியில் இதைப் படித்துக்கொண்டிருக்கிற தம்பி, நீங்கள் மட்டும் போட வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், இது கடைசி வரி.