உட்காரும் பயிற்சி

எங்கள் ஜவுளிக்கடைக்குச் சட்டம் வந்து சேர மூன்று வருடத்துக்கு மேல் ஆனது. கடையில் வேலை செய்கிறவர்கள் உட்கார நாற்காலி போட வேண்டும் என்று அரசாங்கம் எப்போதோ சொல்லிவிட்டது. விழுப்புரத்தில் ஒன்று, திண்டிவனத்தில் ஒன்று என்று இரண்டு கடை வைத்திருக்கும் எங்கள் முதலாளி வெங்கடாசலத்துக்கு அது தெரியவந்தது, விழுப்புரம் கடையைப் பார்க்க அடுத்த புதன்கிழமை வருகிறோம் என்று தொழிலாளர் துறையிலிருந்து கடிதம் வந்த பிறகுதான்.

"இதுக்கெல்லாமாய்யா சட்டம் போடுவாங்க? நின்னுக்கினு புடவை காட்னாதான் கஸ்டமருக்கு மரியாத" என்றார், கல்லாவில் தன் சுழல் நாற்காலியில் சாய்ந்தபடி.

நான் எதிரே நின்று ஆமாம் போட்டேன். நான் விருத்தாசலம், இந்தக் கடையின் மேலாளர். எனக்கும் ஒரு நாற்காலி உண்டு. முதலாளி இல்லாதபோது அதில் உட்காருவேன்.

நாற்காலிக்காக நிஜமாகவே ஏங்கியவள் பாக்கியமேரி. வளவனூர்க்காரி, பட்டுப்புடவைப் பிரிவில் பதினோரு வருடமாக நிற்கிறாள். முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் நீலமாகச் சுருண்டு புடைத்துக்கொண்டிருந்தது. இப்படியே நாள் முழுக்க நின்றால் கால் புண்ணாகிவிடும், அப்புறம் எந்த வேலைக்கும் போக முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவள் ஒருத்திதான். "ஒரு ஸ்டூல் குடுங்க சார்" என்று இரண்டு தடவை என்னிடம் கேட்டாள். முதலாளியிடம் சொல்கிறேன் என்று இரண்டு தடவையும் சொன்னேன். ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

கடிதம் வந்த மறுநாளே மணிமாறன் வந்துவிட்டார். சட்டம் மாறும்போதெல்லாம் கடையையும் மாற்றித் தருவதாகச் சொல்லும் ஆலோசகர். ஏழு பக்கத்தில் 'இருக்கைக் கொள்கை' ஒன்றை அச்சடித்துச் சுவரில் ஒட்டினார். பிறகு ஒரு பதிவேடு திறந்தார். பெயர், உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், உட்கார்ந்ததற்கான காரணம் என்று நான்கு பத்திகள்.

"காரணம்னு இன்னா சார் எழுதறது? காலு வலின்னு எழுதலாமா?" என்று கேட்டாள் ரவிக்கைப் பிரிவு அஞ்சம்மாள்.

மணிமாறன் யோசித்தார். "வலின்னு எழுதாதீங்க. அது வேற சட்டத்துல போயி மாட்டிக்கும். 'சட்டப்படி'ன்னு எழுதுங்க."

பத்து நாற்காலிகள் வந்தன. திண்டிவனத்துக்கு வாங்கவில்லை. அங்கே கடிதம் வந்தால் அன்றைக்கு வேனில் ஏற்றி அனுப்பிக்கொள்ளலாம் என்பது முதலாளியின் ஏற்பாடு. நாற்காலிகளின் பிளாஸ்டிக் உறையையும் பிரிக்க விடவில்லை. அழுக்கானால் யார் கழுவுவது என்று கேட்டார்.

அதற்கப்புறம் மூன்று நாள் காலையில் கடை திறப்பதற்கு முன் பயிற்சி. மணிமாறன் கை தட்டினால் பத்துப் பெண்களும் உட்கார வேண்டும். இன்னொரு தடவை தட்டினால் எழுந்திருக்க வேண்டும். வருடக்கணக்கில் நின்றவர்களுக்கு அது எளிதாக வரவில்லை. நாற்காலியின் நுனியில் தொற்றிக்கொண்டு, எந்த நேரமும் ஓடத் தயாராக இருந்தார்கள். முதலாளி உள்ளே நுழைந்தால் கை தட்டாமலேயே எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். ஆனாலும் அதட்டினார்.

"எனக்கு எந்திரிக்கிறது சரி. ஆபீசர் வரும்போது எந்திரிச்சிடாதீங்க. பேஜாராப் பூடும்."

பாக்கியமேரி மட்டும் முதுகை நன்றாகச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் பயிற்சி முடிந்ததும் என்னிடம் வந்து, "இது தெனமும் இருக்குமா சார்?" என்று கேட்டாள். நான் பதிவேட்டைப் புரட்ட ஆரம்பித்தேன்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு அதிகாரி வந்தார். கதர்ப் புடவை கட்டிய நடுத்தர வயது அம்மாள். கண்ணாடிக் கதவு திறந்ததும் முதலில் எழுந்தவர் முதலாளி. அடுத்து, அன்றைக்கு மட்டும் அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்த நான். அதைப் பார்த்து அஞ்சம்மாள் எழுந்தாள். அப்புறம் கடையே எழுந்து நின்றது.

"உக்காருங்க, உக்காருங்க" என்று முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"நீங்க நிக்கும்போது நாங்க எப்படி மொதலாளி உக்கார்றது?" என்றாள் அஞ்சம்மாள். அவர் உட்கார்ந்திருந்தால் அவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். அதிகாரி நிற்கும்போது அவர் எப்படி உட்காருவார்?

கடையில் ஒரே ஒருத்தி எழவில்லை. பாக்கியமேரி ஒரு வாடிக்கையாளருக்கு முகூர்த்தப் புடவையின் முந்தானையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதிகாரி நேராக அவளிடம் போனார்.

"தினமும் உக்கார விடறாங்களாம்மா?"

பாக்கியமேரி என்னைப் பார்த்தாள். "இன்னிக்கு உக்காந்துக்கினு இருக்கேங்க" என்றாள்.

அதிகாரி எதையோ குறித்துக்கொண்டார். "ஒருத்தராவது உக்காந்திருக்காங்க. மத்தவங்களும் பழகணும். நான் திரும்ப வருவேன்" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போனார். பாக்கியமேரியால் கடை தப்பித்தது என்றுதான் நான் நினைத்தேன். அன்று சாயங்காலம் முதலாளி என்னைக் கூப்பிட்டபோது அவளைப் பாராட்டப் போகிறார் என்றே போனேன்.

"எவ்ளோ பெரிய ஆபீசரு வராங்க. மொத்தக் கடையும் எந்திரிச்சி நிக்குது. இவ மட்டும் உக்காந்துக்கினே இருக்கறா. நம்ம கடையைப் பத்தி இன்னாய்யா நெனைப்பாங்க?"

"உக்காரச் சொன்னது நாமதானுங்களே மொதலாளி."

"சட்டத்துக்கு உக்காரச் சொன்னேன்யா. மரியாதைக்கு எந்திரிக்க வேணாவா?"

அவர் மணிமாறனுக்குப் போன் செய்து, வேலைக்காரர்மேல் நடவடிக்கை எடுப்பது எப்படி என்று கேட்டார். என்ன நடவடிக்கை என்று மணிமாறன் கேட்கவில்லை. எதுவானாலும் எழுத்தில் கொடுங்கள், காரணம் தெளிவாக இருக்கட்டும், தேதி போட்டு சீல் வையுங்கள் என்றார். முதலாளி எனக்கு வாசகத்தைச் சொன்னார்: "ஆய்வு அதிகாரி வந்தபோது இருக்கையை விட்டு எழாமல் உட்கார்ந்திருந்த காரணத்தால், திங்கள் முதல் திண்டிவனம் கிளைக்கு மாற்றப்படுகிறீர்."

இதுவரை நான் அடித்த எல்லா மாற்றல் கடிதத்திலும் 'நிர்வாகக் காரணம்' என்றுதான் இருக்கும். கை பழக்கத்தில் அதற்கே போனது. நிறுத்திவிட்டு, அவர் சொன்னதை ஓர் எழுத்து விடாமல் அடித்தேன். அப்போது என்மேல் எனக்கு வந்திருந்த ஆத்திரம் முதலாளிமேல் வந்ததைவிடப் பெரியது. அவர் இரண்டு முறை படித்துப் பார்த்து, "கரெக்டா போட்டிருக்கிறே" என்று கையெழுத்துப் போட்டார்.

பாக்கியமேரி கடிதத்தை நின்றபடியே படித்தாள்.

"திண்டிவனத்துல நாற்காலி இருக்குதா சார்?"

"இல்லம்மா."

"ரெண்டு பஸ்ஸு மாறணும். அதுலயும் நின்னுக்கினுதான் போவணும். ஒரு மாசம் கூடத் தாங்காது சார் இந்தக் காலு."

"அந்தக் காரணத்தை இன்னொரு தடவை படிச்சிப் பாரும்மா" என்றேன். படித்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். தொழிலாளர் அலுவலகம் எங்கே இருக்கிறது, அந்த அம்மாள் எந்த நேரத்தில் இருப்பார் என்று சொன்னேன். சொல்லும்போது வாசல் பக்கம் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன், அந்த அளவுக்குத்தான் எனக்குத் தைரியம்.

அவள் கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தாள். "ஸ்டூல் கேட்டப்பவே இதைச் சொல்லியிருக்கலாமே சார்" என்றாள். அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள். வெள்ளிக்கிழமை காலை கல்லாவில் முதலாளியின் போன் அடித்தது. சுழல் நாற்காலியில் சாய்ந்தபடி எடுத்தவர், யார் பேசுவது என்று தெரிந்ததும் எழுந்துவிட்டார்.

"ஆமாங்கம்மா. கையெழுத்து என்னுதுதாங்கம்மா. இல்லீங்கம்மா, உங்க மரியாதைக்காகத்தான்... சரிங்கம்மா, இன்னிக்கே ரத்து பண்ணிடறேங்க. திண்டிவனத்துக்கும் வாங்கிப் போட்டுடறேங்கம்மா."

எதிர்முனையில் அந்த அம்மாள் சட்டத்தை முதல் பிரிவிலிருந்து படிக்க ஆரம்பித்தார் போலிருக்கிறது. இருபது நிமிடம் முதலாளி நின்றார். ஒரு காலில் பாரம் போட்டார், பிறகு இன்னொரு காலுக்கு மாற்றினார், மேசையைப் பிடித்துக்கொண்டார்.

பட்டுப்பிரிவில் பாக்கியமேரி மயிலத்துக் கல்யாணப் பார்ட்டிக்குப் புடவை காட்டிக்கொண்டிருந்தாள். முதலாளி நிற்பதை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு அடுத்த புடவையை எடுத்து, உட்கார்ந்தபடியே விரித்தாள்.