தலையிலிருந்து கால் வரைக்கும்

மணியம்மாள் மீன் வாங்க வரவில்லை, பெண் பார்க்க வந்திருந்தாள். பெண் போலந்து நாட்டில் இருந்ததால் பெரிய மார்க்கெட்டில், தில்லையம்மாளின் வஞ்சிரத் துண்டுகளுக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து, போட்டோவில்தான் பார்க்க முடிந்தது. மணியம்மாள் வைத்திக்குப்பத்தில் பிறந்து உழவர்கரையில் மாடி வீடு கட்டிப் போனவள். மகன் பாலாஜிக்குத் துறைமுகத்தில் வேலை. இந்தச் சம்பந்தம் கைகூடினால் மகள் திரும்பி வந்து கூப்பிடு தூரத்தில் இருப்பாள் என்பது தில்லையம்மாளின் கணக்கு. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு மீன் விற்றே படிக்கவைத்த ஒரே மகள்.

தில்லையம்மாள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு மூன்று படங்களை எடுத்துக் கொடுத்தாள். அந்த மூன்றுக்கும் அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. சத்யப்பிரியா கிராக்கவ் நகரத்துக்கு வேலைக்குப் போனதிலிருந்து அனுப்பியதெல்லாம் முகம் மட்டும் தெரியும் செல்ஃபி. சம்பந்தம் பேசுகிறவர்கள் முகத்தை மட்டும் பார்த்துத் தலையாட்டிவிடுவார்களா? பெண் நேராக நிற்கவேண்டும், பாதம் தரையில் தெரியவேண்டும். “தலையிலிருந்து கால் வரைக்கும் எடுத்து அனுப்புடி” என்று போனில் கத்தினாள். மகளும் லீவு நாட்களில் ஊர் ஊராகச் சுற்றி, பார்த்த பழைய கட்டடத்துக்கெல்லாம் முன்னால் நின்று அனுப்பினாள். வாயில் நுழையாத பெயர்கொண்ட ஊரில், நெற்றியில் கடிகாரம் வைத்த நகர மன்றம். கிராக்கவில் ஆற்றங்கரைக் குன்றின்மேல் ராஜாக்களின் கோட்டை. அதே ஊரில் செங்கல் மாதா கோயில். இரண்டு கோபுரத்தில் ஒன்று உயரம், ஒன்று குட்டை.

“கொத்தனாருங்க ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்ல போல” என்று சிரித்தாள் மணியம்மாள். “பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு. ஆமா, இதெல்லாம் யாரு எடுத்தது?”

இந்தக் கேள்வி தில்லையம்மாளுக்குப் புதிதல்ல. நேரு வீதியில் அவள் வாங்கிக் கொடுத்த சிவப்புப் பை மூன்று படத்திலும் மகள் தோளில் இல்லை. கோட்டைப் படத்தில் சாயங்கால வெயிலுக்கு ஒரு நிழல் நீண்டு மகளின் காலடி வரை வந்திருந்தது. நெட்டை நிழல். அதன் தோளில் ஒரு பை தொங்கியது. படத்தில் மகள் சிரித்த சிரிப்பும் அம்மாவுக்குச் சிரித்ததல்ல. எல்லாம் தெரிந்தேதான் பிரிண்ட் போட்டிருந்தாள். தெரியாததுபோல் இருந்தால் இல்லாமல் போய்விடும் என்று நினைத்தாள்.

“கூட வேல செய்யிற பொண்ணு” என்றாள்.

“அந்தப் பொண்ணு நல்ல ஒசரம்” என்று நிழல்மேல் விரலை வைத்தாள் மணியம்மாள். குரலில் குத்தல் இருந்ததா என்று சொல்லமுடியவில்லை. “சரி, எடுத்துட்டுப் போறேன். பாலாஜி அப்பாவும் பாக்கணும்ல.”

படம் அந்த வீட்டுக்குப் போனால் வாக்குக் கொடுத்தது மாதிரி. தில்லையம்மாளின் கை தானாக நீண்டது. “இருங்கக்கா. வேற படம் வருது. பார்த்துட்டுத் தர்றேன்.”

மணியம்மாள் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். படங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அரை கிலோ வஞ்சிரம் வாங்கிக்கொண்டு போனாள்.

கூட்டம் ஓய்ந்ததும் தில்லையம்மாள் மகளைப் போனில் கூப்பிட்டாள்.

“பஸ்ல இருக்கேம்மா. வேற ஒரு கோட்டைக்குப் போறேன், ரொம்பப் பெருசாம்.”

“ஒம் பை எங்க?”

“பையா? இங்கதான் இருக்கு.”

“யாரு தோள்ல?”

பஸ் இரைச்சலுக்கு நடுவே, மகளுக்குப் பக்கத்தில் ஓர் ஆண் குரல் புரியாத பாஷையில் மெல்ல ஏதோ கேட்டது.

“அம்மா… கோவமா?”

“வயிறு எரியுது. அத அப்பறம் பேசிக்கலாம். அந்தக் கோட்டை வாசல்ல அந்த ஆள நிக்க வெச்சு ஒரு படம் அனுப்பு. தலையிலிருந்து கால் வரைக்கும் தெரியணும்.”

சாயங்காலம் வைத்திக்குப்பத்து வீட்டு வாசலில் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது போன் மினுங்கியது. திரையில் செங்கல் நிறத்தில் ஒரு மதில், அதன் வாசலில் கலங்கலாக இரண்டு உருவம். தொட்டால்தான் படம் இறங்கித் தெளியும். தொட்டாள். ஈர விரலுக்குப் போன் அசைந்துகொடுக்கவில்லை, கண்ணாடியில் ஒரு செதில் ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம். தில்லையம்மாள் வலது கையை முந்தானையில் துடைத்தாள். பிறகு இன்னொரு முறை, விரல் விரலாகத் துடைத்தாள்.